பாலம்மாள் திருப்பி எடுத்த வெற்றிலை

நாரணாபுரம்
12-5-1964

சிரஞ்சீவி பெத்தணனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். சென்னையில் நீயும் மருமகளும் சுகமாகவே இருப்பீர்கள். சுகத்துக்கு வேண்டியதில் நீ குறை வைக்கிறவன் இல்லை. உறையின் மேல் உன் புதுப் பெயரான இளங்கோவன் என்றே எழுதியிருக்கிறேன், தபால்காரர் அலைய வேண்டாம்.

கிழக்குப் புஞ்சையை ஒட்டிப் பட்டாசுக் கம்பெனி வந்துவிட்டது. நம் ஆட்களில் பாதிப்பேர் அங்கே போய்த் தமிழில் பேசுகிறார்கள், வீடு திரும்பியதும் தெலுங்குக்கு மாறிக்கொள்கிறார்கள், எவனுக்கும் நாக்குச் சுளுக்கியதாகத் தகவல் இல்லை. தமிழை நான் குறை சொல்லவில்லை, இதையும் அதில்தான் எழுதுகிறேன். நம் பேச்சுக்கு எழுத்து நமக்குத் தெரியாது, வீட்டில் பேசினால்தான் உண்டு.

லீவுக்கு நீ அனுப்பிய பூங்கோதையை உன் அக்காள் பாலம்மாள் தன் மகனுக்குக் கேட்டு வந்தாள். மகள் பிறந்தால் உன் வீட்டுக்குத்தான், நம் பேச்சோடு வருவாள் என்று அவளிடம் சொன்னவன் நீ. பழக்கி வருகிறேன் என்று வருஷம் தவறாமல் எழுதியவனும் நீ. தாம்பூலம் மாற்றும் முன் பெண் தன் வாயால் நம் பேச்சில் வம்சப் பெயரைச் சொல்வது நம் வழக்கமாயிற்றே. அக்காள் தெலுங்கில் கேட்டாள். பூங்கோதை விழித்தாள். பிறகு கள்ளமில்லாமல், "அது தாத்தா மாடு ஓட்டறப்ப பேசுறது, நமக்கு வேண்டாம்னு அப்பா சொல்லியிருக்காங்க" என்றாள்.

பாலம்மாள் வெற்றிலையைத் திருப்பி எடுத்துப் பையில் வைத்தாள். பேத்திக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே கேட்டாள்: "ஏம்ப்பா, மாட்டுக்கெல்லாம் அம்புட்டு நல்லாக் கத்துக்குடுத்தீகளே, தம்பிய மட்டும் ஏன் விட்டுட்டீக?"

அவள் மகனுக்குத் தாயில்பட்டியில் வேறு பெண் முடிவாகிவிட்டது, ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் இடத்தில் நீ நிற்க வேண்டாம் என்று அக்காள் சொல்லிவிட்டாள். நான் நிற்கிறேன்.

பூங்கோதையை வெள்ளிக்கிழமை ரயிலேற்றுகிறேன். அவளைத் திட்டாதே, உன் வீட்டில் உண்மை பேச ஒருத்தியாவது இருக்கட்டும். உன் அம்மாதான் அன்றிலிருந்து என்னோடுகூடத் தமிழில் பேசுகிறாள். பேத்தி காதில் மாட்டுப் பேச்சு விழுந்துவிடுமாம்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. அம்மாவுக்குத் தனியாக இரண்டு வரி எழுது. தமிழில் எழுதினால் போதும், வாசித்துக் காட்டும்போது நான் தெலுங்கில் மாற்றிச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கண்ணுச்சாமி