சதுப்புக்கு வழி சொன்னவர்

ஹெல்லவோக் துறை,
ஜூலை 29

அன்புள்ள சிக்னேவுக்கு,

நான் நலம். படகும் நலம். உன் இடுப்பு எப்படி இருக்கிறது? ஊன்றுகோல் இல்லாமல் சமையலறை வரை போக முடிகிறதா? நான் ஒரு பைன் மரத்தடியில் சாய்ந்துகொண்டு இதை எழுதுகிறேன், நீ அங்கே நான்கு சுவருக்குள் கிடக்கிறாய். அதை நினைத்தபோது காபி தொண்டையில் இறங்கவில்லை. பிறகு இறங்கிவிட்டது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் இந்தத் துறைக்குள் நுழைந்தேன். வடமேற்குக் காற்று பிடித்துக்கொண்டது. உள்ளே வந்த படகெல்லாம் வெளியே போக முடியாமல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டிக் கிடக்கின்றன. கடைசிப் படகுக்காரர்கள் கரைக்குப் போக என் படகின் மேல்தான் நடந்து போகிறார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காலை வணக்கம் சொல்லிக்கொண்டு. எனக்கு அது பிடித்திருக்கிறது.

காற்று ஓயும் வரை என்ன செய்வது? மலை ஏறினேன். நீ சிரிப்பாய். இத்தனை வருஷம் மீன்பிடிப் படகில் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு அழுதவனுக்கு மலை என்றால் வெறும் அடையாளம். அந்தக் கூம்பு தெரிந்தால் வலப்பக்கம் பாறை இருக்கிறது, அவ்வளவுதான். எந்தத் துறையிலும் இறங்கிப் பின்னால் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்ததில்லை. இப்போது மேலே நின்று கடலைப் பார்த்தேன். நாங்கள் பயந்து பயந்து கடந்த இடமெல்லாம் அங்கிருந்து குளம் மாதிரி இருந்தது.

காட்டுப் பாதையில் பிரிவுக்குப் பிரிவு மரப்பலகை வைத்திருக்கிறார்கள். ஏரிக்கு இந்தப் பக்கம், உச்சிக்கு அந்தப் பக்கம். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று முழுவதும் வாசித்தேன். பின்னால் வந்த டென்மார்க் குடும்பம் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தது. வாங்கிக் குடித்தேன். வாசித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கம் இன்னும் போகவில்லை, சிக்னே. இந்தத் துறையைப் பார்த்துக்கொள்பவர் டோர்டிஸ் என்ற அம்மா. கணவர் இல்லை. முதல் நாள் அவர் கட்டண அட்டையை நீட்டியதும் என் வாய் பழைய பாட்டையே பாடிவிட்டது. "கண்ணாடியப் படகுல விட்டுட்டேன், கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கண்ணாடி உங்க சட்டைப் பையில இருந்து எட்டிப் பாக்குது பெரியவரே. பரவால்ல. என் மாமனாரும் இப்படித்தான், சாகுற வரைக்கும் கண்ணாடியத் தொலைச்சுக்கிட்டே இருந்தார்" என்றார். போன குளிர்காலம் முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன், மெதுவாக வாசிப்பேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவரே இன்று ஒரு உதவி கேட்டார். மலைக்குப் பின்னால் அவர் குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த முல்டேப் பழச் சதுப்பு ஒன்று இருக்கிறது. உனக்குத் தெரியும், முல்டே விளையும் இடத்தை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. உன் அம்மா கடைசி வரை நம் இருவரிடமே சொல்லவில்லையே. டோர்டிஸுக்கு மூட்டு வலி. அவர் கணவரின் தம்பி எலிங் பக்கத்து வீட்டில் இருக்கிறார், அவருக்கும் அந்த இடம் தெரியும். ஆனால் கை முறிந்து, கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். அதனால் டோர்டிஸ் என்னை அனுப்பினார். "எழுதத் தெரியாது, ஊருக்குப் புதுசு, காத்து நின்னா கெளம்பிருவீங்க. உங்கள விட்டா நல்ல ஆள் எனக்கு எங்க கெடைக்கும்?" என்றார்.

போனேன். பழமெல்லாம் இன்னும் சிவப்பாகக் கல் மாதிரி இருந்தது. வெறும் வாளியோடு திரும்பி வந்தேன். "ரெண்டு நாள் போகட்டும், பொன்னா மாறிடும். செவப்புல பறிக்கிறவன் மனுசனே இல்ல" என்றார் டோர்டிஸ்.

துறை வீட்டுச் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கிறது. இன்று மலையில் என்ன பார்த்தீர்கள் என்று மேலே எழுதி, கீழே சுண்ணக்கட்டி வைத்திருக்கிறார்கள். கழுகு பார்த்தோம், பாதை வழுக்குகிறது, இப்படி ஆளாளுக்கு எழுதுகிறார்கள். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நானும் போய் எழுதப்போகிறேன். கை இப்போதே பரபரக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். வெள்ளிக்கிழமை உன்னை மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப் போவேன்.

உன்,
ஹில்மார்


ஸ்கார்வ் தீவு,
ஆகஸ்ட் 1

அன்புள்ள சிக்னேவுக்கு,

உட்கார்ந்துகொண்டு வாசி.

அன்று பலகையில் எழுதினேன். அங்கே ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். நான் மலையில் பார்த்ததில் எது அழகு என்று யோசித்தேன். அந்தச் சதுப்புதான் நினைவுக்கு வந்தது. இரண்டாவது ஏரியைத் தாண்டி, இடி விழுந்து பிளந்த பைன் மரத்தில் இடது பக்கம் திரும்பினால், தரை முழுக்க முல்டே, இரண்டு நாளில் பழுத்துவிடும். அப்படியே எழுதினேன். ஒவ்வொரு எழுத்தும் நேராக நிற்கிறதா என்றுதான் பார்த்தேன். என்ன எழுதுகிறேன் என்று பார்க்கவில்லை. எழுதி முடித்து மூன்று முறை வாசித்தேன். ஒரு ஜெர்மன்காரர் பக்கத்தில் வந்து நின்று வாசித்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்.

மறுநாள் நான் நீர்வீழ்ச்சிப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது, காட்டுக்குள்ளிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். வாளி, சமையல் பாத்திரம், குழந்தைகளின் மணல் வாளி, எல்லாவற்றிலும் பழம். பாதிக்கு மேல் சிவப்பு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய்ப் பலகையைச் சட்டைக் கையாலேயே துடைத்தேன். துடைத்து என்ன பயன்? நானே மேலே போய்ப் பார்த்தேன். பாசியெல்லாம் மிதிபட்டு, பன்றி உழுத மாதிரி கிடந்தது. ஒரு பழம் இல்லை.

திரும்பி வந்தபோது டோர்டிஸ் தடியை ஊன்றிக்கொண்டு படகு மேடையில் நின்றிருந்தார். பலகையை அவர் பார்த்திருக்கவில்லை. அந்த ஜெர்மன்காரரிடம், யார் இடத்தைச் சொன்னது என்று கேட்டிருக்கிறார். அவருக்கு நம் மொழி அரைகுறை. ஒரு வயதானவர் சொன்னார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காற்று நின்றிருந்தது. படகுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன.

எலிங் ஒரு படகுக்குக் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தார், ஒற்றைக் கையால். துறையில் யார் வந்தாலும் போய்ப் பேசுகிற மனிதர். டோர்டிஸ் எல்லோர் முன்னிலையிலும் அவரைப் பிடித்துக்கொண்டார். "வயசானவர் சொன்னாராம். இந்தத் துறையில வாய் ஓயாத வயசானவர் யாருன்னு எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார்.

எலிங் திகைத்துப் போய், "அண்ணி, நான் சொல்லல" என்றார்.

"உங்க அண்ணன் சாகக் கிடக்கும்போதுகூட, நர்ஸு பக்கத்துல நிக்கிறான்னு அந்த எடத்தப் பத்தி வாயத் தெறக்கல. உனக்கு ஒரு பியர் ஊத்தினா போதும்" என்றார் டோர்டிஸ்.

"சத்தியமா நான் இல்ல அண்ணி. வேற யாருகிட்டயாவது நீங்க..."

"யாருகிட்ட? இவருகிட்டயா?" என்று என்னைக் காட்டினார். "இவரால ஒரு வரி எழுத முடியாது, நாலு வார்த்தை சேந்தாப்புல பேசவும் மாட்டார். இவர நம்பலாம். என் புருசனோட கூடப் பொறந்தவனத்தான் நம்ப முடியல. இனிமே சாயங்காலம் காபின்னு என் கதவத் தட்டாத, எலிங்."

பதினோரு வருஷமாக, அண்ணன் போன நாளிலிருந்து, எலிங் தினமும் சாயங்காலம் அந்த வீட்டில்தான் காபி குடிக்கிறார். அவர் கயிற்றைப் பிடித்தபடியே, "என் கோப்பை அங்கதான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. டோர்டிஸ் உள்ளே போய்விட்டார்.

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும், சிக்னே. வாய் திறந்தது. ஆனால் வந்த வார்த்தை, காற்று நின்றுவிட்டது, கிளம்புகிறேன் என்பதுதான். எலிங் என் கயிற்றையும் அவிழ்த்துவிட வந்தார். என் சட்டைக் கையில் சுண்ணப்பொடி வெள்ளையாக ஒட்டியிருந்தது. "என்ன பெரியவரே, ரொட்டி சுடப் போனீங்களா? ஒரே மாவு" என்று சொல்லி அவரே தன் நல்ல கையால் தட்டிவிட்டார். பிறகு படகின் மூக்கைக் காலால் தள்ளி என்னை அனுப்பிவைத்தார்.

இங்கே வந்து இரண்டு நாளாகிறது. அழகான தீவு. பின்னால் பிர்ச் காடு, அதற்குப் பின்னால் மலை. நான் இறங்கவே இல்லை.

இதை வாசித்ததும் நீ போனை எடுத்து டோர்டிஸிடம் பேசிவிடுவாய். எனக்கு வந்த கடிதத்தையெல்லாம் இத்தனை வருஷம் நீதான் வாசித்தாய், பதிலும் நீதான் எழுதினாய். வங்கிக்கு, கம்பெனிக்கு, என் அண்ணனுக்கு. இதை மட்டும் நீ செய்யாதே. நானும் போனில் சொல்ல மாட்டேன். போனில் பேசினால் என் வாய் ஏதாவது ஒரு கண்ணாடியை மறந்துவிடும். எழுதி எடுத்துக்கொண்டு நாளைக் காலையில் ஹெல்லவோக்குக்கே திரும்பிப் போகிறேன். எதிர்க்காற்று. வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுக்கு வர முடியாது. உன்னை மருத்துவமனைக்கு அழைத்துப் போக உன் தங்கை மகளைக் கேட்டுப் பார். உனக்குக் கொடுத்த வாக்கை உடைத்துத்தான் அங்கே போக வேண்டியிருக்கிறது. உன்னிடமும் ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது, அதை நேரில் வந்து கேட்கிறேன்.

உன்,
ஹில்மார்


ஹெல்லவோக் துறை,
ஆகஸ்ட் 2

மதிப்புக்குரிய டோர்டிஸ் அம்மாவுக்கு,

வணக்கம். என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது என் எழுத்துதான். வேறு யாரும் எழுதித் தரவில்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். இந்த வருஷம்தான் கற்றுக்கொண்டேன். கண்ணாடியை மறந்தேன் என்று உங்களிடம் சொன்னது பொய். உங்கள் கட்டண அட்டையை நீங்கள் வாசித்துச் சொல்வதற்கு முன்பே மேல் வரியை நான் வாசித்துவிட்டேன்.

சதுப்புக்கு வழி சொன்னது எலிங் இல்லை. நான். வாயால் சொல்லவில்லை, உங்கள் கரும்பலகையில் எழுதினேன். ஏரி, பிளந்த மரம், இடது பக்கம் என்று ஒன்று விடாமல் எழுதினேன். யாருக்கும் கெடுதல் செய்ய நினைக்கவில்லை. எழுத முடிகிறதே என்ற சந்தோஷத்தில் எழுதினேன். சந்தோஷம் என்பதால் குற்றம் குறையாது என்று எனக்குத் தெரியும். பிறகு அதை அழித்தேன். நீங்கள் எலிங்கை ஏசியபோது ஐந்தடி தூரத்தில் நின்றேன், பேசாமல் நின்றேன். அதற்கு எந்த சந்தோஷத்தையும் காரணம் சொல்ல முடியாது. அது கோழைத்தனம்.

மிதிபட்ட சதுப்பை என்னால் சரிசெய்ய முடியாது. அடுத்த வருஷம் அது காய்க்குமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்த வருஷம் உங்கள் வீட்டிலும் எலிங் வீட்டிலும் கிறிஸ்துமஸுக்கு முல்டே இருக்காது. என் மனைவியின் ஊரில் வாங்கி அனுப்பலாம் என்று நினைத்தேன். அது உங்கள் கணவர் காட்டிய இடத்துப் பழம் ஆகாது, அதனால் அந்த நினைப்பை விட்டுவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்க எனக்கு உரிமை இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை நீங்கள் மட்டும் வாசித்துவிட்டு வைத்துவிட வேண்டாம். எலிங்கைக் கூப்பிட்டு உங்கள் சமையலறையில் உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். நான் அவரிடம் நேரே போய்ச் சொன்னால், பரவாயில்லை பெரியவரே என்று சொல்லி என்னை அனுப்பிவிடுவார். அவர் அப்படிப்பட்டவர். அவருக்கு அது போதாது. உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

வாசித்து முடித்த பிறகு என்னைத் திட்ட வேண்டும் என்று இருவருக்கும் தோன்றும். தனித்தனியாக வந்து திட்ட வேண்டாம். இருவரும் சேர்ந்தே படகு மேடைக்கு இறங்கி வாருங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் நான் படகில்தான் இருப்பேன்.

தலை குனிந்து,
ஹில்மார்