முள்ளின் மேல் போட்ட துண்டு

ஆவணி 12, வெள்ளி இரவு

எழுத்து கோணல்தான். இப்போதுதான் எழுதக் கற்றேன், நோட்டு பொறுத்துக்கொள்ளட்டும்.

இழுவை இன்னும் கூடுதலாக வேண்டுமென்று நான் சொன்னதால், மெக்கானிக் காசிம் எங்கள் ஆறு சிலிண்டர் லாரிக்குப் டீசலை அதிகமாகப் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர்கள் மாட்டினார். இன்று ஜல்லி ஏற்றி மகள் வள்ளி ஓட்டினாள்; நான் பக்கத்தில் இருந்தேன். ஒக்கூர் மேட்டில் கியர் குறைக்காமலே ஏறியது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இன்ஜின் சூடு காட்டும் முள்ளும் ஏறியது. மெல்ல அதன் மேல் துண்டைப் போட்டேன்.

"என்னத்தப்பா மூடுறீக?"

"கண்ணாடி வெயில்ல மின்னிக் கண்ணு கூசுது, ஆத்தா."

துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு லாரியை ஓரங்கட்டினாள். "சூட்டுல இன்ஜின் போச்சுன்னா சோத்துக்கு எங்குட்டுப் போறது? பழசையே மாட்டச் சொல்லுங்க."

சூட்டைத் தணிக்கப் பெரிய ரேடியேட்டர் போட்டுப் பார்க்கிறேன் என்று கெஞ்சினேன்.

"ஒரு வாரந்தான்" என்றாள்.

முடிவை எழுத இந்தப் பக்கத்தில் பாதி இடம் விட்டிருக்கிறேன்.