அடிவயிறு பார்க்காமல் சொன்ன பெயர்

செப்டம்பர் 22, ஞாயிறு

மீன் வளர்ப்போர் சங்கத்தின் ஏலம் முடிந்து இப்போதுதான் வந்தேன். முதுகு விட்டுப்போனது. நூற்று நாற்பத்து மூன்று பைகள். பெயர் சரியாகத் தெரியாத பையெல்லாம் முதலில் என் மேசைக்குத்தான் வரும். நான் பார்த்துச் சீட்டெழுதி ஒட்டினால்தான் ஏலத்துக்குப் போகும். பதினோரு வருடமாக இதே வேலை. தபால் நிலையத்தில் முப்பது வருடம் கிறுக்கல் முகவரிகளைப் படித்த கண் இது, மீனெல்லாம் எம்மாத்திரம் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன்.

ஆனால் இன்று எழுத வேண்டியது அதையல்ல. நார்பர்ட் என்னிடம் பேசினான்! என் சொந்தத் தம்பி, ஆறு வருடத்துக்குப் பிறகு, மீனைப் பற்றி. நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் "உருளைக்கிழங்க இங்க தள்ளு" என்பதெல்லாம் பேச்சில் சேராது.

அரிசோனாவுக்குக் குடிபோகிற ஒரு பழைய உறுப்பினர் தன் தொட்டிகளைக் காலி செய்து கொடுத்திருந்தார். அதில் புள்ளிக் கெளுத்திகள் நான்கு, விரல் நீளத்தைத் தாண்டியவை. நார்பர்ட் பையைத் தூக்கிக்கொண்டு நேராக என் முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, இது பாறைக் கெளுத்தியா, குயில் கெளுத்தியா?"

"பாறைதான்டா."

"நிச்சயமா?"

"பின்ன? நான் என்ன நேத்துப் பொறந்தவளா?"

"சரி. நீ சொன்னாச் சரி."

நீ சொன்னாச் சரி. காரில் வரும்போது இதையே பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். ரேடியோவில் பேக்கர்ஸ் கால்பந்து ஆட்டத்தைக்கூடக் கேட்கவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

தம்பி ஏலத்தில் எடுத்த கெளுத்திகள் நன்றாகச் சாப்பிடுகின்றனவாம். அவனே போன் செய்தான்!

அக்டோபர் 6, ஞாயிறு

மறுபடி நார்பர்ட் போன். மூச்சு வாங்கப் பேசினான். அவனிடம் இருக்கிற அரிய சிக்லிட் இனத்துப் பெண் மீன் நேற்று முட்டையிட்டு, அடைகாக்க வாயில் எடுத்துக்கொண்டுவிட்டாளாம்.

இது சின்ன விஷயம் இல்லை. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் அந்த மீன் இப்போது கிடைப்பதே இல்லை என்கிறார்கள். எங்கள் மாநிலத்தில் வைத்திருப்பது எனக்குத் தெரிந்து இவன் ஒருவன்தான். பெண் மீன்கள் மூன்று இருந்தன, வசந்தத்தில் இரண்டு போய்விட்டன. மிஞ்சியவள் கிழவி. இதற்குப் பிறகு அவள் முட்டையிடுவாள் என்று நார்பர்டுக்கே நம்பிக்கை இல்லை.

"மூணு வாரம் வாய்லயே வச்சிருப்பா. ஒரு வாய் தின்ன மாட்டா. நம்ம அம்மா லெண்ட் நோன்புக் காலத்துல இருப்பாங்களே, அந்த மாதிரி," என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். செவ்வாய்க்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறான்.

அக்டோபர் 8, செவ்வாய்

போனேன். பேஸ்மென்ட் படியில் கால் வைத்தபோது பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகிற பிள்ளை மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் காட்டினான். தொட்டிகளைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறான். பெண் மீன் தாடை உப்பி, ஒரு மூலையில் அசையாமல் நின்றாள். வாயை மெல்ல மென்றுகொண்டே இருந்தாள்.

"கெளுத்திங்க எங்கடா?"

"இதே தொட்டிலதான், அந்தக் கல்லுக்கு அடில. தலைகீழாத் தொங்கும் பாரு, வௌவால் மாதிரி."

தரையில் உட்கார்ந்து குனிந்து பார்த்தேன். ஒன்று பாறையின் கூரையில் ஒட்டியபடி, வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

வெள்ளை. சுத்தமான வெள்ளை வயிறு. ஒரு புள்ளி இல்லை.

இரண்டாவதும் அப்படியே. கண்ணும் பெரிசு, எவ்வளவு பெரிசு! எப்படிப் பார்க்காமல் விட்டேன்? உடம்பிலும் துடுப்பிலும் இரண்டு வகைக்கும் ஒரே வேஷம்தான், அதில்தான் ஏமாறுவார்கள். பாறைக் கெளுத்திக்கு வயிற்றிலும் புள்ளி இருக்கும். குயில் கெளுத்திக்கு இருக்காது. புதுசாகச் சேருகிற ஆளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதுதான். பையைத் தலைக்கு மேல் தூக்கு, விளக்கில் அடிவயிற்றைப் பார், அதற்கப்புறம் பேர் சொல்லு.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"முட்டி வலிடா," என்றேன்.

பொய்.

அக்டோபர் 9, புதன்

தூக்கமில்லை. புத்தகங்களை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். எதற்குப் பார்க்க வேண்டும்? தெரிந்ததுதானே.

குயில் காக்கைக் கூட்டில் செய்வதை இந்த மீன் சிக்லிட்டின் வாயில் செய்கிறது. சிக்லிட் முட்டையிடும்போது நடுவே பாய்ந்து தன் முட்டையையும் போட்டுவிடும். தாய் எது தன்னுடையது என்று தெரியாமல் எல்லாவற்றையும் வாயில் எடுத்துக்கொள்வாள். கெளுத்திக் குஞ்சு மூன்றே நாளில் பொரிந்து, கூட இருப்பவற்றை ஒவ்வொன்றாகத் தின்னும். அவள் பட்டினி கிடந்து அதை வளர்ப்பாள்.

சனிக்கிழமை முட்டை. மூன்று நாள் நேற்றோடு முடிந்தது. நான் அங்கே தரையில் உட்கார்ந்து முட்டி வலி என்று சொன்ன நேரத்தில் அந்த வாய்க்குள் என்ன நடந்துகொண்டிருந்ததோ.

ஏன் தூக்கிப் பார்க்கலை? அரிசோனாக்காரர் தொட்டியில் ஒட்டியிருந்த நாடாவில் 'பாறை'ன்னு எழுதியிருந்ததா அன்னைக்கே சொன்னாங்க, அதை நம்பினேனா? இல்லை. உண்மையை எழுது, லொரெட்டா. தம்பி கேட்டான். கேட்ட உடனே டக்குன்னு பதில் சொல்லணும், அக்கான்னா அக்காதான்னு அவன் நினைக்கணும். அவ்வளவுதான். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு.

அக்டோபர் 10, வியாழன்

மூன்று தடவை போனை எடுத்தேன். மூன்று தடவையும் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு நார்பர்ட் எப்போதும் அந்த மூலை மதுக்கடையில்தான் இருப்பான். எதிரில் போய் உட்கார்ந்தேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நார்பி, அது பாறை இல்லடா. குயில். நான் தப்பாச் சொல்லிட்டேன்."

முள்கரண்டி அப்படியே நின்றது.

"எப்பத் தெரியும்?"

"செவ்வாக்கிழமை. உன் வீட்லயே."

"அன்னைக்கே தெரியும். முட்டி வலின்ன."

"ஆமா."

"வயித்தத் தூக்கிப் பாத்தியா இல்லயா, ஏலத்துல?"

"பாக்கல."

கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். பாதி மீன், தொடாத கோல்ஸ்லா சாலட், கம்பு ரொட்டி எல்லாம் அப்படியே. அவன் தட்டுக்கு முன்னால் நான் உட்கார்ந்து அழுதேன். பரிமாறுகிற பெண் காகிதக் கைக்குட்டை கொண்டுவந்து வைத்தாள்.

அக்டோபர் 12, சனி

காலையில் வாசலில் ஒரு வெள்ளை வாளி. மூடியில் துளை போட்டு, பழைய துண்டால் சுற்றியிருந்தது. உள்ளே நான்கு குயில் கெளுத்திகள். மணி அடிக்காமல் போயிருக்கிறான். கோபத்திலும் மீனுக்குக் குளிரக்கூடாது என்று துண்டு சுற்றியவன்.

பின்னறைத் தொட்டியில் விட்டேன். அதுகள் என்ன பாவம் செய்தன?

அக்டோபர் 14, திங்கள்

சங்கத் தலைவி கார்லீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மீனோட வாயத் தொறந்து உதறிப் பாத்துர வேண்டியதுதான லொரெட்டா? எல்லாரும் செய்யறதுதான்," என்றாள். நார்பர்டிடமும் அதையே சொல்லியிருக்கிறாள். மாட்டவே மாட்டேன் என்றானாம். கிழவி தாங்க மாட்டாள், உள்ளே இருப்பது எதுவானாலும் அவளே துப்பட்டும் என்றானாம்.

அவன் செய்வது சரி. நானாக இருந்தால் பொறுமை இருந்திருக்காது.

அக்டோபர் 17, வியாழன்

நார்பர்ட் போன் செய்தான். வணக்கமும் இல்லை, நலமும் இல்லை.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி என்னோட முப்பத்தஞ்சு பையிலயும் 'கலப்பு'ன்னு எழுதினியே, ஞாபகம் இருக்கா?"

இல்லாமலா? அவன் அத்தனை நாள் வளர்த்துக் கொண்டுவந்த குஞ்சுகள். கலப்பு மீனை எங்கள் சங்கத்தில் விற்கக்கூடாது. நான் எழுதினேன், ஏலக்காரர் ஒலிபெருக்கியில் படித்தார், இவன் பைகளைத் திரும்ப அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது கலப்புதான்க்கா. கொண்டு வரும்போதே எனக்குச் சந்தேகம். அதுக்கா ஆறு வருஷம் பேசாம இருந்தேன்னு நெனச்ச?"

"பின்ன எதுக்குடா?"

"தனியாக் கூப்ட்டுக் காதுல சொல்லியிருக்கலாம்ல. நூறு பேரு முன்னாடி, சொந்தத் தம்பிய. கார் வரைக்கும் ஒருத்தன்கூட என்னோட வரல. நீயும் வரல."

நான் அன்றைக்கு அடுத்த பையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியான பெயர் சொன்னேன், அவ்வளவுதான் என் வேலை என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன்.

"தப்புடா," என்றேன். "ரெண்டு தடவையும் என் தப்பு."

"இப்பத் தப்பு பண்ணினத நீயே என் எதிர்ல வந்து உக்காந்து சொன்ன. அத நெனச்சுத்தான் போன் பண்ணினேன். கிழவி இன்னும் மூடின வாயத் தொறக்கல. வேணும்னா வந்து பாரு."

நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருக்கிறது. மீன் என்ன ஆகப்போகிறதோ தெரியாது. ஆனாலும்.

அக்டோபர் 20, ஞாயிறு

போனேன். அவளைத் தனித் தொட்டிக்கு மாற்றியிருக்கிறான். இரண்டு நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் வயிறு ஒட்டிப்போயிருக்கிறது.

அக்டோபர் 23, புதன்

காலை ஆறே முக்கால். "துப்பிட்டா. வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். இரவு உடையின்மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். வழியில் ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டினேன் என்று நினைக்கிறேன். கடவுள் மன்னிக்கட்டும், போலீஸ்காரர் பார்க்காதிருக்கட்டும்.

அவன் படிக்கட்டிலேயே நின்றிருந்தான்.

"நான் இன்னும் கிட்டப் போய்ப் பாக்கலக்கா. நீயே பாரு. மீசை இருந்தா கெளுத்தி."

பூதக்கண்ணாடியை வைத்துக் கண்ணாடியில் மூக்கு ஒட்டுமளவுக்குக் குனிந்தேன். தரையோரம் பொடிப்பொடியாக, கண்ணும் வாலுமாக நின்றன. முதல் குஞ்சு, மீசை இல்லை. இரண்டாவது, இல்லை. மூன்றாவதைப் பார்ப்பதற்குள் கிழவி பயந்து பாதியை மறுபடி வாயில் அள்ளிக்கொண்டாள். திரும்பத் துப்பும்வரை காத்திருந்தோம். ஒரு மணி நேரம் ஆனது.

"அவசரப்படாத. ஒவ்வொண்ணாப் பாரு," என்றான்.

பார்த்தேன். பக்கத்தில் பார்த்தேன், மேலே பார்த்தேன், தரையில் படுத்து அடியிலிருந்தும் பார்த்தேன். பதினெட்டு.

"ஒண்ணுக்கும் மீசை இல்லடா நார்பி. பதினெட்டும் உன்னோடதுதான்."

"நிச்சயமா?"

"வயித்தயும் பாத்துட்டேன்."

தம்பி படியில் அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். கெளுத்திகள் ஏன் முட்டை போடவில்லையோ, அப்போது புது இடத்தில் கூச்சம் விட்டிருக்கவில்லை போலிருக்கிறது, அல்லது நான்கும் ஆணோ, நான்கும் பெண்ணோ என்னவோ. எனக்குக் காரணம் தெரியாது. தெரியாது என்று அவனிடமும் சொன்னேன். கிழவி ஒரு சின்னப் புழுத்துண்டைத் தின்றாள், பதினெட்டு நாளுக்கு அப்புறம். அவன் முட்டை பொரித்துக் கொடுத்தான், நானும் தின்றேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

சங்கத்தின் மாதக் கூட்டம். எழுபது பேர் இருக்கும். நிகழ்ச்சி ஆரம்பிப்பதற்கு முன் கார்லீனிடம் ஒலிபெருக்கியைக் கேட்டேன். "எதுக்கு?" என்றாள். "ஒரு சீட்டத் திருத்தணும்," என்றேன்.

எழுதிக் கொண்டுபோன காகிதத்தைப் பார்க்காமலே பேசினேன். போன மாத ஏலத்தில் நான்கு கெளுத்திகளுக்குத் தப்பான பெயர் எழுதினேன், பையைத் தூக்கிப் பார்க்கவில்லை, அதனால் நம் உறுப்பினர் ஒருவருடைய அரிய மீன் பறிபோக இருந்தது, அவர் என் தம்பி நார்பர்ட், என்றேன். காபிப் பாத்திரம் கொதிப்பது மட்டும் கேட்டது.

கடைசி வரிசையிலிருந்து நார்பர்டின் குரல்.

"சரியாக் கேக்கலக்கா! யாரு தப்பு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தான், படுபாவி. யாரோ சிரித்தார்கள், பிறகு அரங்கமே சிரித்தது, கார்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒலிபெருக்கியை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

கூட்டம் முடிந்ததும் காருக்கு அவனோடு நடந்துபோனேன்.