வாய்க்கால் வெட்டுகிற வேலை

அன்புள்ள சுடர்விழிக்கு,

இந்த நேரத்தில் அம்மாவிடமிருந்து மெயில் வந்தால் நீ பதறிப்போவாய் என்று தெரியும், அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம், யாருக்கும் ஒன்றும் இல்லை, இப்படி ராத்திரியில் உட்கார்ந்து எழுதுவதற்கு மட்டும் கோபித்துக்கொள்ளாதே. குவாஹாட்டிக் குளிரில் நீயும் காய்ச்சல் சளி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. அப்பா கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவலாகப் படுத்திருக்கிறார். நாளைக்கோ மறுநாளோ நம் நெல்லை எடைபோட்டுவிடுவார்கள். இந்தத் தடவை ஈரப்பதம் என்று யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை, நல்ல வெயில், நெல் கையில் எடுத்தால் சலசல என்று கொட்டுகிறது. தார்ப்பாய் போட்டு மூடித்தான் இருக்கிறது, இருந்தாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை, கொல்லைக் கதவைப் போய்ப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்துவிட்டு, சரி இதை எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்கு "பார்க்கலாம்" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டேன், அது உனக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். படிப்பு முடிந்ததும் வரச்சொல்லிப் பெங்களூரில் பெரிய கம்பெனி கூப்பிடுகிறது, அதை விட்டுவிட்டு புனேயில் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களுக்கு நம் பாஷைகளில் லினக்ஸ் தயார் செய்கிற அந்தச் சின்னக் குழுவோடு சேரட்டுமா, சம்பளம் பாதிதான் வரும், அப்பாவிடம் நீயே பேசும்மா என்றாய். போனில் எனக்குச் சொல்ல வராது, எழுதினால்தான் ஒழுங்காக வரும்.

எதில் எழுதுகிறேன் என்று நினைக்கிறாய், தீபாவளிக்கு வந்தபோது உள்ளே இருந்த விண்டோஸை அழித்துவிட்டு நீ போட்டுக் கொடுத்தாயே, அதே பழைய லேப்டாப், காசு கொடுக்காமல் கிடைக்கிற அதே லினக்ஸ். முத்துப்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற நெய்னா முகம்மது அண்ணன், விண்டோஸ் பத்துக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது, பதினொன்று இந்த மிஷினில் ஏறாது, புதுசு வாங்கிவிடுங்கள் என்று சொன்னபோது நான் வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். நீதான் குறுக்கே விழுந்து மறித்தாய். நீ ரயிலேறின மறுநாள் உன்னை எப்படித் திட்டினேன் என்பதை இப்போது சொன்னால் பரவாயில்லை. திறந்தால் எல்லாம் இடம் மாறிக் கிடந்தது, பிறந்த வீட்டு அடுப்படியில் வேறு யாரோ வந்து டப்பாக்களை மாற்றி அடுக்கியது மாதிரி. ஒரு வாரம் தொடவே இல்லை. பிறகு குறைதீர் நாள் வந்தது, ஊர்க்காரர்களுக்கு மனு அடித்துக் கொடுக்க வேண்டும், வேறு வழி இல்லாமல் திறந்தேன். இப்போது என் அபிப்பிராயம் கேட்டால் மறைக்காமல் சொல்கிறேன். நல்லது என்னவென்றால் சட்டென்று எழுந்துகொள்கிறது, முன்னே மாதிரி பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்க் குழம்பு தாளித்துவிட்டு வர வேண்டியதில்லை. பிரிண்டரைச் சொருகினவுடனே அதுவே கண்டுபிடித்துக்கொண்டது. சுடவில்லை, இரையவில்லை. கெட்டது என்னவென்றால் ஆதாருக்குக் கைரேகை வைக்கிற மிஷின் இதில் வேலை செய்ய மாட்டேன் என்கிறது, அதற்கு நெய்னா அண்ணன் கடைக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது, அவரும் ஒவ்வொரு தடவையும் "என்னம்மா, மகள் போட்ட சிஸ்டம் கைநாட்டு வாங்காதோ" என்று சிரிக்காமல் கேட்கிறார். உன் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஆப்பிள் மேக்கையும் பொங்கலுக்குத் தொட்டுப் பார்த்தேன். அழகு, சந்தேகமில்லை, கண்ணாடி வளையல் மாதிரி பளபளப்பு, ஆனால் நமக்கு வேண்டியபடி உள்ளே ஒன்றை மாற்றிக்கொள்ள முடியாதாம், மாமாவே பெருமையாகச் சொன்னார். எனக்கு அது பெருமையாகப் படவில்லை.

பெரியப்பாவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. சும்மா கிடைப்பது எதுவும் உருப்படாது என்பது வீரையன் பெரியப்பாவின் கட்சி, உனக்குத் தெரியாததா. காசில்லாமல் ஒருத்தன் கொடுக்கிறான் என்றால் நம் வீட்டுக்குள் கையை விட்டு எதையோ எடுக்கிறான் என்று அர்த்தம் என்றார். நான் நீ சொல்லிக் கொடுத்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு, உங்கள் பையில் இருக்கிற போனுக்குள்ளேயும் அடியில் ஓடுவது லினக்ஸ்தான், இத்தனை வருஷமாக நீங்கள் அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றேன். போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பாம்புக்குட்டி புகுந்துவிட்ட மாதிரி. அப்புறம் அன்றைக்கு முழுக்க அதில் சீட்டு விளையாடவில்லை.

ஆனால் உன்னிடம் சொல்லாத ஒன்று நடந்தது. என் விரல்கள் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணின விரல்கள், நீ பழகின தமிழ் கீபோர்டு எனக்கு வராது. பழைய தட்டச்சு வரிசையையும் நீ போட்டுக் கொடுத்திருந்தாய், ஆனால் அதில் கொம்பை முதலில் அடித்தால் எழுத்தோடு ஒட்டாமல் தனியாகப் போய் நின்றுகொண்டது. மனு முழுக்கக் கொம்பு முளைத்துக் கிடந்தது. உன்னைக் கேட்கலாம் என்றால் உனக்குப் பரீட்சை நேரம். அதனால் அந்தக் கீபோர்டைச் செய்தவர்கள் பேசிக்கொள்கிற பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து, கஸ்டமர் கேரில் கேட்பது மாதிரி நன்றாகக் கேட்டு எழுதிவிட்டேன், என்ன சர்வீஸ் இது, கொம்புகூட ஒட்டாத கீபோர்டை எப்படிக் கொடுத்தீர்கள், உங்கள் மேலதிகாரி யார் என்று. அப்துல் ரஹ்மான் என்று ஒருவர் பதில் எழுதினார். நாகூர்ப் பூர்வீகமாம், இப்போது மலேசியாவில் கிள்ளானில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறார், இந்தக் கீபோர்டு வேலையை ராத்திரி இஷா தொழுகை முடிந்த பிறகு வீட்டில் உட்கார்ந்து செய்கிறாராம், யாரும் சம்பளம் தருவதில்லை, மேலதிகாரி என்றால் எங்கள் வீட்டுக்காரிதான், அவளிடம் புகார் செய்யுங்கள், எனக்கும் சீக்கிரம் தூங்கக் கிடைக்கும் என்று எழுதியிருந்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த வாரக் கடைசியிலேயே சரிசெய்து அனுப்பிவிட்டார். கொம்பு போய் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் நான் செய்த காரியத்தைக் கேட்டு நீ சிரிப்பாய். நம் ஊரில் கோடையில் வாய்க்கால் வெட்டும்போது, ஆள் அனுப்ப முடியாத வீட்டுக்காரர்கள் வெட்டுகிறவர்களுக்குச் சோறு ஆக்கி அனுப்புவது வழக்கம் இல்லையா, வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினாலும் சோறு வராத வீட்டை யாரும் மதிக்க மாட்டார்கள். கூலி இல்லாமல் ஒரு மனிதர் நமக்காக மண்ணை வாரியிருக்கிறார், வெறும் நன்றி சொல்லிவிட்டு எப்படி இருப்பது. அதனால் இந்த வழக்கத்தை எல்லாம் விளக்கமாக எழுதி, உங்கள் நாகூர்ச் சொந்தக்காரர் விலாசம் கொடுங்கள், ஒரு சிப்பம் கிச்சிலிச் சம்பா அரிசி அனுப்பிவைக்கிறேன் என்று, அத்தனை பேரும் பார்க்கிற அந்தப் பக்கத்திலேயே போட்டுவிட்டேன். ஜெர்மனியிலிருந்து ஒருவர் சம்பா என்றால் என்ன என்று கேட்டு, அதற்கு இன்னொருவர் பிரேசில் நடனம் என்று பதில் போட்டு, பெரிய கூத்தாகிவிட்டது. அப்துல் ரஹ்மான் மட்டும் கடைசியில் எழுதினார், "அக்கா, சோறு போட இங்க ஆள் நிறைய இருக்கு, வெட்டத்தான் ஆள் இல்ல. நீங்க மண்வெட்டியோட வாங்க." என்ன வேலை என்று பார்த்தால் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தையும் அடித்துப் பார்த்து எது சரி எது தப்பு என்று சொல்ல வேண்டும், தட்டச்சு வரிசை தெரிந்தவர்கள் அவர்களிடம் அதிகம் இல்லையாம். மத்தியான வேளையில் உட்கார்ந்து அடித்துப் பார்த்தேன். தப்பு கண்டுபிடித்துச் சொன்னதற்கு முதல் தடவையாக ஒருவர் நன்றி சொன்னார், நம் வீட்டில் அதற்குக் கிடைப்பது என்னவென்று உனக்கே தெரியும். இப்போது எனக்கு அது பழகிவிட்டது, பிடித்தும் இருக்கிறது, உண்மையைச் சொன்னால் அடுப்படி வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு அதற்காக ஓடிவருகிறேன்.

இதனால் எனக்கு உன் விஷயத்தில் சந்தோஷம் வந்துவிட்டது என்று நினைக்காதே, பயம்தான் அதிகமானது. நான் சாப்பாட்டுக்கு வழி இருக்கிறவள், பொழுதைக் கொடுக்கிறேன். அப்துல் ரஹ்மானுக்குக் கணக்கு வேலை இருக்கிறது. நீ அதையே பிழைப்பாக்கிக்கொள்கிறேன் என்கிறாய். போன சித்திரையில் வாய்க்கால் வெட்டினது ஞாபகம் இருக்கிறதா, உனக்குப் போட்டோ அனுப்பினேனே. எல்லோரும் வந்தார்கள், மேளம் மட்டும்தான் பாக்கி. தலைப்பக்கத்துக்காரர்கள் தங்கள் வயல் வரைக்கும் ஆகாயத்தாமரையை வாரிப் போட்டார்கள், தங்கள் மடை வந்ததும் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசித் துண்டு நம்மைப் போன்ற கடைமடைக்காரர்கள் தலையில் விழுந்தது, அப்பாவும் பெரியப்பாவும் இன்னும் நாலைந்து பேரும் இடுப்பளவு சேற்றில் நின்று வாரினார்கள், அப்பாவுக்கு அப்போது வந்த முதுகுவலி இன்னும் குனிந்தால் பிடிக்கிறது. எல்லோருக்கும் பொதுவான வேலை கடைசியில் யாரோ இரண்டு பேர் முதுகில்தான் வந்து உட்காரும். உன் முதுகு எனக்கு வேண்டும் சுடரு. இதை எப்படி அப்பாவிடம் எடுப்பது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

இன்றைக்குச் சாயங்காலம் கேரியரில் சாப்பாடு எடுத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். நெல் குவியலுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து அப்பாவும் பெரியப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன், பெங்களூரையும் சொன்னேன், புனேயையும் சொன்னேன், சம்பளம் பாதி என்பதையும் மறைக்கவில்லை. பெரியப்பாதான் முந்திக்கொண்டார். "பொதுக் காரியத்துக்கு எத்தன நாளைக்கு ஆளு வருவான் வானதி? போன வருஷம் பாத்தல்ல, அவனவன் மடை வந்ததும் போய்ட்டான். நம்ம புள்ளைய எதுக்கு அந்தச் சேத்துல எறக்குற?" என்றார். நான் பயந்துகொண்டிருந்ததையே அவர் சொல்லிவிட்டார். பெங்களூருக்கே போகச் சொல்லி எழுதிவிடுகிறேன் என்றுகூட வாய் வரைக்கும் வந்தது. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவனுங்க வெட்டாமப் போனான்னு நாம எம்புட்டுப் பேசுனோம்ணே, சோறு எறங்காம பேசுனோம். இப்ப நம்ம வூட்டுப் பொண்ணு கடைமடை வரைக்கும் வெட்டுறேன்னு நிக்குது. வேணாம்னு எந்த வாயால சொல்றது?" என்றார். பெரியப்பா ரசத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார், அவருக்கு அது சம்மதம் என்று உனக்குத் தெரியும். கேரியரை எடுத்துக்கொண்டு நான் கிளம்பும்போதுதான் அப்பா கூப்பிட்டு, "வெட்டட்டும், ஆனா கூலி மாசாமாசம் வருமான்னு மட்டும் கேக்கச் சொல்லு, எங்கள மாதிரி முதுகு வலியோட நிக்க வேணாம்" என்றார்.

ஆக எங்கள் சம்மதம் உனக்கு இருக்கிறது. எனக்குள் இன்னும் கொஞ்சம் கலக்கம் இருக்கத்தான் செய்கிறது, அது நீ எந்த வேலைக்குப் போனாலும் இருக்கும், அதற்கு மருந்து கிடையாது. ஆனால் அப்பா சொன்னதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. அந்தக் குழுவுக்குப் பணம் எங்கேயிருந்து வருகிறது, எத்தனை வருஷத்துக்கு வரும், சம்பளத் தேதி எது, நின்றுபோனால் எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள், இதையெல்லாம் வாய்விட்டுக் கேள், கேட்பதற்குக் கூச்சப்படாதே, நல்ல காரியம் செய்கிறவர்களிடம் காசைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று நினைக்கிற பிள்ளை நீ. உன்னோடு வேறு பெண்கள் வேலை செய்கிறார்களா, தங்குகிற இடம் எப்படி என்பதையும் கேள். அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்கு. அது கைக்கு வருகிற வரைக்கும் பெங்களூருக்கு வேண்டாம் என்று எழுதிவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாதே. நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடியும், நம் பிடாரியம்மன் உன் கூடவே இருப்பாள், அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். அந்தப் புனேக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டுச் சீக்கிரம் பதில் போடு, காத்திருக்கிறேன்.

உன் அம்மா,
வானதி