கூடையின் ஈரம்

இன்றைக்கும் மல்லிகைக் கூடையின் ஈரச்சாக்கு வாசம் வந்தால் உன் ஞாபகம்தான், தங்கச்சி. பூ வாடாமல் இருக்கச் சாக்கை நனைத்துப் போடுவோம். எனக்கு அதில் இன்னொரு வசதியும் இருந்தது. கூடை மடியில் இருந்தால், சேலை ஏன் நனைந்திருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நாலாவது பிள்ளைக்குப் பிறகு, சிரித்தாலும் தும்மினாலும் எனக்குச் சிறுநீர் நிற்காது. ஊரையே கேலி பேசுகிறவளுக்கு இப்படி ஒரு தண்டனை. கட்டியவரிடம்கூடச் சொன்னதில்லை.

கொடைரோட்டிலிருந்து திண்டுக்கல்லுக்கு நாம் ஒரே பஸ்ஸில் போவோம். நீ பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ், நான் பூக்காரி. ஒருநாள் கூட்டமென்று கண்டக்டர் என் கூடையை பஸ் மேலே ஏற்றிவிட்டார். அவர் மீசை ஒருபக்கம் தொங்கிக் கிடந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "என்னண்ணே, ஒருபக்க மீசை இன்னும் எந்திரிக்கலையா?" என்றேன். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அவ்வளவுதான். திண்டுக்கல் வந்தும் எழுந்திருக்க முடியவில்லை. இறங்கச் சொல்லிக் கண்டக்டர் சத்தம் போட, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பக்கத்திலிருந்த நீ, உன் கூஜாத் தண்ணீரை என் மடியில் கவிழ்த்தாய். "கை தவறிருச்சுக்கா" என்றாய். உன் வெள்ளைச் சேலையிலும் பாதி ஊற்றிக்கொண்டாய்.

ஆஸ்பத்திரியில் மாற்றுச்சேலை தந்தபோது நான் தலை நிமிரவில்லை. ஏதோ செய்த பாவம் என்றேன்.

"பாவமெல்லாம் இல்லக்கா. அது தசை."

தசை என்றால் கறிக்கடையில் தொங்குவதுதானே என்று அழுதுகொண்டே கேட்டேன். உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சுருங்கி விரியுறதுதான் தசை. கொழுப்பு தசையில்ல, தோலு தசையில்ல. நெஞ்சு துடிக்குதே, அது தசை. நாக்கும் தசைதான். புள்ளையத் தள்ளுற கர்ப்பப்பையும் தசைதான். ஒண்ணுக்கு வழிய மூடுறதும் அதுதான். புள்ளை பெத்துப் பெத்து அசந்து கெடக்கு. தெனமும் சுருக்கிப் பழக்குக்கா."

உள்ளங்கையை மூடித் திறந்து காட்டினாய். அதற்குப் பிறகு பஸ்ஸில் என்னைப் பார்த்தால் வாய் பேசமாட்டாய். கையை ஒருதரம் மூடித் திறப்பாய். நானும் இடத்தைவிட்டு அசையாமல் பழக்கினேன். கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது.

போன தையில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. துக்கத்துக்கு வந்தபோது வாசலில் உன் மாமியார், "நீ யாரு தாயி, எப்படிப் பழக்கம்?" என்று கேட்டார்கள். அத்தனை பேர் முன்னால், "பூக் குடுக்குறவ" என்றேன். அதற்குமேல் வரவில்லை. நாக்கும் தசைதான் என்றாயே, சுருங்கிக்கொண்டது.

இப்போதும் சிரிப்பதற்கு முன்னால் ஒரு நொடி சுருக்கிக்கொள்கிறேன். எதிர் சீட்டில் கையை மூடித் திறக்கத்தான் ஆளில்லை. நாக்கை விரிக்க மட்டும் இன்னும் பழகவில்லை, தங்கச்சி.