மைனரின் மகரந்தம்

திருத்தணி
20 ஆகஸ்ட் 2022

அன்புள்ள இளம்பரிதி அவர்களுக்கு,

நானும் நைனாவும் நலம். குன்னூர் பழக் கண்காட்சியில், அத்தனை கூட்டத்துக்கு நடுவே, கையில் வேகவைத்த சோளத்தோடு நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். கோபம் வேண்டாம். போனில் பேசினால் நீங்கள் சிரிக்க வைத்துவிடுகிறீர்கள். சிரித்துக்கொண்டே கல்யாண முடிவு எடுக்க எனக்குப் பயம்.

என் முதல் கல்யாணம் ஆறு மாதத்தில் முடிந்தது உங்களுக்குத் தெரியும். இல்லாத வேலையை இருப்பதாகச் சொல்லித் தாலி கட்டினார். வேலை இல்லாததுகூடப் பெரிதில்லை. தினமும் காலையில் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்து வாசல் வரை வந்து வழியனுப்பினேனே, அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆகவே எனக்கு அவகாசம் வேண்டும். என் குடுவைச் செடி பானையம்மா மொட்டு விட்டிருக்கிறாள். இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தான். உங்கள் வீட்டில் பார்த்த மைனர் இருக்கிறானே, குடுவை வாயில் அகல உதடும் சிவப்பு வரியுமாக ஊரை மயக்கிக்கொண்டு தொங்குகிறவன், அவன் மகரந்தத்தை அனுப்புங்கள். இந்த வருடம் முதல் பூ பூப்பான் என்றீர்கள். வாட்ஸ்அப்பில் மகரந்தம் வராது, கடிதத்தில்தான் வர வேண்டும். பிறக்கும் பிள்ளைகளுக்கு அம்மாவின் உருண்டை வயிறும் அப்பாவின் வரி உதடும் அமைந்து, எங்கள் ஊர் வெயிலையும் தாங்கிவிட்டால் எனக்குச் சம்மதம். மூன்று வருடம் ஆகும். இருப்பீர்களா?

கவிப்பிரியா


குன்னூர்
9 செப்டம்பர் 2022

அன்புள்ள கவிப்பிரியாவுக்கு,

முப்பத்தெட்டு வருடம் சும்மா இருந்தவனுக்கு மூன்று வருடம் ஒரு பாரமா? உங்கள் கடிதம் எங்கள் தபால் நிலையத்துக்கு வந்ததும் நானே முத்திரை குத்தி, நானே வாங்கிக்கொண்டேன். வீடு வரைக்கும் பொறுக்கவில்லை.

இத்துடன் வெண்ணெய்த்தாளில் மடித்திருக்கும் மஞ்சள் தூள் மைனருடையது. பூ விரிந்த அன்றே சின்னத் தூரிகையால் தொட்டுத் தடவுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பிரியுங்கள், இல்லாவிட்டால் என் எதிர்காலம் பறந்துவிடும்.

பள்ளிப்பட்டில் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "பொண்ணு இன்னா சொல்லுது?" என்றார்கள். "செடி பூத்தா சொல்லும்மா" என்றேன். போனை வைத்துவிட்டார்கள்.

காத்திருக்கும்,
இளம்பரிதி


திருத்தணி
12 பிப்ரவரி 2023

அன்புள்ள இளம்பரிதிக்கு,

முளைத்துவிட்டது! விதையா அது, உதிர்ந்த தலைமுடி மாதிரி இருந்தது. இன்று காலை பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன், முப்பத்தொன்று. ஒவ்வொன்றும் கடுகளவு. அதற்குள் இலை நுனியில் குண்டூசித் தலை அளவு குடுவை!

இந்தச் செடிக்கு உப்புத் தண்ணீர் ஆகாது என்பதால் எங்கள் தாலுகா அலுவலக ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வருகிறேன். நைனா தலையில் அடித்துக்கொள்கிறார். "ஊரே முருகனுக்குப் பால்குடம் எடுக்குது. நீ ஈ துண்ற செடிக்கு ஏசி தண்ணி சொமந்துகினு வர்றியா?" என்கிறார். பானையம்மா ஈ தின்பது குறைவு, உதிர்ந்த இலைச் சருகுதான் அவளுக்குச் சாப்பாடு என்று சொன்னேன். "அப்ப சைவமா?" என்று கேட்டவர், அன்றிலிருந்து அவளிடம் மரியாதையாக நடந்துகொள்கிறார்.

மகிழ்ச்சியுடன்,
கவிப்பிரியா


திருத்தணி
26 மே 2024

அன்புள்ள இளம்பரிதிக்கு,

கத்திரி வெயில் நூற்றுப் பத்தைத் தொட்டது. ஈரச் சாக்கு கட்டி, மணிக்கொருமுறை தண்ணீர் தெளித்தும் பதினொன்றுதான் மிச்சம். அந்தப் பதினொன்றும் சிங்கக் குட்டிகள், ஒரு இலைகூட வாடவில்லை.

எல்லாவற்றுக்கும் அம்மாவின் உருண்டை வயிறு வந்திருக்கிறது. ஆனால் உதடு நூல் மாதிரி மெலிசு. பானையம்மாவின் மூடி சின்னதாகப் பின்னால் மடங்கிக் கிடக்கும். இவர்களுக்கோ அகலமான மூடி, வாய்க்கு மேலே குடை பிடித்த மாதிரி நிற்கிறது. வரி ஒன்றில்கூட இல்லை. எப்போது வரும்?

கவிப்பிரியா


குன்னூர்
3 ஜூன் 2024

அன்புள்ள கவிப்பிரியாவுக்கு,

பதினொன்று பிழைத்ததே பெரிய சாதனை. வரி தாமதமாகத்தான் வரும். குழந்தைப் பருவத்தில் குடுவைகள் எல்லாம் ஒரே ஜாடையாகத்தான் இருக்கும். இன்னும் ஒரு வருடம் பாருங்கள்.

இங்கே நல்ல மழை. கேரட் மலிவு. வேறு விசேஷம் இல்லை.

இளம்பரிதி


திருத்தணி
8 ஜூன் 2025

அன்புள்ள இளம்பரிதிக்கு,

செடிகள் வளர்ந்து, குடுவைகள் கோழிமுட்டை அளவுக்கு வந்துவிட்டன. வரி இன்னும் வரவில்லை. ஆனாலும் வரும் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு அது போதும். நைனாவிடம் சம்மதம் சொல்லிவிட்டேன். ஆவணியில் முகூர்த்தம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மைனரின் பிள்ளைகள் பதினொன்றையும் மண்டப வாசலில் தொங்கவிட ஆசை. வருகிறவர்களிடம் எல்லாம் இவர்களுடைய அப்பா யார் என்று பெருமையாகச் சொல்லப்போகிறேன்.

அன்புடன்,
கவிப்பிரியா


குன்னூர்
13 ஜூன் 2025

அன்புள்ள கவிப்பிரியாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் தபால் நிலையத்திலேயே எல்லோருக்கும் வர்க்கி வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்ப டிபன் பாக்ஸைக் கையில் எடுத்தேன். அதற்கு மேல் நகர முடியவில்லை. அன்று விடுப்பு சொல்லிவிட்டு உட்கார்ந்து யோசித்தேன்.

அந்த மகரந்தம் மைனருடையது இல்லை. மைனர் ஆணே இல்லை.

பூக்கும் வரை இந்தச் செடியில் ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. நான்தான் அந்த மிடுக்கைப் பார்த்து ஆண் என்று ஊரெல்லாம் அளந்து, பெயரும் வைத்துவிட்டேன். உங்கள் முதல் கடிதம் வந்த நான்காம் நாள் மொட்டு விரிந்தது. பெண். சொன்னால் நீங்கள் சிரித்துவிட்டு, அதையே சாக்காக வைத்து வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தேன். வாசல் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்காமல் ஒரு மேகாலயச் செடி தொங்கும். பச்சைக் குடுவை, மெல்லிய உதடு, அகல மூடி. அது ஆண், அப்போது பூத்திருந்தது. அதன் மகரந்தத்தை மடித்து அனுப்பினேன். போன வருடம் நீங்கள் கேட்டபோதும் மழுப்பினேன். அது இன்னும் மோசம்.

நீங்கள் சம்மதம் சொன்ன பிறகு இதை எழுதுகிறேன் என்று தெரியும். ஆனால் இல்லாத அப்பாவை நீங்கள் நாலு பேருக்குக் காட்டிப் பெருமைப்படுவதை நான் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. திருத்தணிக்கு மாறுதல் கேட்டு எழுதிய விண்ணப்பம் மேசை மேல் இருக்கிறது. உங்கள் பதிலைப் பார்த்து அனுப்புகிறேன், அல்லது கிழிக்கிறேன். எதுவானாலும் உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

இளம்பரிதி


திருத்தணி
20 ஜூன் 2025

அன்புள்ள இளம்பரிதிக்கு,

மைனர் பெண் என்ற வரியைப் படித்துவிட்டு அலுவலக நில அளவைப் பிரிவில் உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பில், பட்டா கேட்டு வந்தவர்கள் நாலு பேர் பயந்துபோய் வெளியே நின்றுவிட்டார்கள். அந்த மிடுக்கு பெண்ணுக்குத்தான் வரும், உங்களுக்கு எங்கே தெரியப்போகிறது!

மகரந்தம் அவனுடையது இல்லை என்பது எனக்குப் போன வருடமே தெரியும். விசைத்தறி ஓட்டிய நைனாதான் முதலில் சொன்னார். "வரி வரணும்னா பாவுல அந்த நூலு இருக்கணும்மா. இதுல நூலே இல்ல, நீ இன்னாத்துக்கு தெனம் பாத்துகினு கீற?" என்றார். பதினொன்றில் ஒன்றுக்காவது அப்பாவின் சாயல் கொஞ்சமாவது வந்திருக்க வேண்டாமா? மூடியைப் பார்த்தேன். உங்கள் வாசலில் அதே மூடியைப் பார்த்த ஞாபகம் வந்தது. மூன்று நாள் சாப்பிடப் பிடிக்கவில்லை. கோபத்தைவிட, மறுபடியும் இதேதானா என்ற பயம்தான் அதிகம். நீங்களாகச் சொல்வீர்களா என்று ஒரு வருடம் காத்திருந்தேன்.

கடைசியில் நானும் பொய் எழுதினேன். நைனாவிடம் நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. எல்லாம் கைகூடிவிட்டது என்று தெரிந்தால் நீங்கள் வாயை மூடிக்கொள்வீர்களா, திறப்பீர்களா என்று பார்க்கத்தான் அப்படி எழுதினேன். செய்தது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் திறந்தீர்கள், இளம்பரிதி. உங்கள் கடிதத்தை ஏழு முறை படித்தேன், நாலு முறை அழுதேன்.

இன்று காலைதான் நைனாவிடம் நிஜமாகவே சொன்னேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆங், இத்தச் சொல்ல மூணு வருசமா? அந்த மனுசன் இன்னும் இருக்கிறாரா, ஓடிப்பூட்டாரா?" என்றார். காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று இப்போதே குழம்பிக்கொண்டிருக்கிறார்.

விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். இருபத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பள்ளிப்பட்டிலிருந்து வரும் பஸ்ஸில் அம்மாவோடு வந்து இறங்குங்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். இனிமேல் என்னிடம் எதைச் சொல்வதானாலும் எதிரே உட்கார்ந்து சொல்லுங்கள்.

உங்கள்,
கவி