சீர்ச் சட்டையும் மஞ்சள் துணியும்

அவிநாசி,
நவம்பர் 9.

அன்புத் தங்கை இந்துமதிக்கு,

அண்ணன் தங்கதுரை எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சௌக்கியம். அங்கே டெக்சாஸில் நீயும் மாப்பிள்ளை முருகவேலும் குழந்தை அக்ஷராவும் நல்லபடி இருக்க அவிநாசியப்பரை வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது அண்ணன் எதற்குக் காகிதம் எடுத்தான் என்று நினைப்பாய். போனில் நான் கத்துகிறேன் என்று நீதானே சொன்னாய். நான் கத்தவில்லை அம்மிணி, வருஷக்கணக்காக மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அப்படி. காகிதத்தில் சத்தம் கேட்காது. எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன், நிதானமாகப் படி.

மாப்பிள்ளை அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். டீ டயத்தில் நம் பனியன் யூனிட்டே கூடி நின்று பார்த்தது. ஆட்டம் என்னவென்று நான்தான் எல்லோருக்கும் விளக்கினேன். இது அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு வகை, இதில் ஆளை மோதித் தள்ளக் கூடாது, பந்தோடு ஓடுகிறவளின் இடுப்பில் தொங்கும் துணிக்கொடியைப் பிடுங்கிவிட்டால் அவள் பிடிபட்டாள் என்று சொன்னேன். காலால் உதைக்காத ஆட்டத்துக்கு ஃபுட்பால் என்று எதற்குப் பேர் வைத்தார்கள் என்று கட்டிங் மாஸ்டர் முனீஸ் கேட்டான். அவனை வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

குழந்தை பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடின ஓட்டத்துக்கு எங்கள் டெய்லர் பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள். எல்லைக் கோட்டைத் தாண்டியும் விட்டாள். அப்புறம்தான் ரெஃபரி அம்மா தப்பாட்டம் என்று காட்ட மஞ்சள் துணியை எடுத்து வீசியது தெரிந்தது. ஓடும்போது கொடியைக் கையால் மறைத்தாளாம். எடுத்த பாயிண்ட் செல்லாதாம், மறைத்த இடத்திலிருந்து பத்து கஜம் பின்னால் போக வேண்டுமாம். அரையிறுதி ஆட்டம் அதோடு போயிற்று.

இது எந்த ஊர் நியாயம் இந்து? நான் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஓடுகிற ஓட்டத்தில் சட்டை வெளியே வந்து கொடியின் மேல் விழுகிறது. அதை உள்ளே செருகத்தான் குழந்தை கையை இறக்கினாள், அவளும் உன்னிடம் அதைத்தானே சொன்னாள். கொடி தெரியட்டும் என்று கை வைத்தவளைக் கொடியை மறைத்தவள் என்கிறார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. மனசில் என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? சேவூர் டீமில் நான் கபடி ஆடிய காலத்தில், பிடிக்க வருகிற கையைத் தட்டிவிடுவதுதான் ஆட்டமே. அதற்காக யாரும் எங்கள் மேல் துணி வீசியதில்லை.

நீ போனை வைக்கும்போது மெதுவாக ஒன்று சொன்னாய். “சட்டை கொஞ்சம் நீளமுங்கண்ணா” என்றாய். எனக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது.

அக்ஷரா பெரியவளானபோது தாய்மாமன் நான் வந்து சீர் வைக்க முடியவில்லை. விசா இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். உன் மாமியார் வீட்டார் வேறு யாரையோ மாமன் இடத்தில் நிற்க வைத்ததை நீ போனில் காட்டினாய், நான் சிரித்துக்கொண்டே பார்த்தேன். சிரித்தது உனக்காக. அந்தக் குறை தீரத்தான் அவள் டீம் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சட்டை தைத்து அனுப்பினேன். கோச் கொடுத்த அளவைவிட இரண்டு அங்குலம் நீளம் கூட்டச் சொன்னதும் நான்தான். முனீஸ் தயங்கினான். “வெளிநாட்டுப் பையர் துணியில ஒரு நூல் கூடினாலே குதிப்பீகளே மொதலாளி” என்றான். “இது பையர் துணி இல்லடா, சீர்த் துணி. சீர்ல துணி கொறையக் கூடாது” என்றேன். மாமன் வீட்டுத் துணி தாராளமாக இருந்தது ஒரு குற்றமா?

குழந்தை அன்றிலிருந்து பந்தைத் தொடவில்லை, ஜனவரியில் அடுத்த சீசனுக்குப் பேர் கொடுக்க மாட்டேன் என்கிறாள் என்று நீ சொன்னதுதான் என்னைத் தூங்க விடவில்லை. எதிர் டீம் பெற்றோர் யாரோ “சீட்டர்” என்று கத்தினார்களாமே. நம் வீட்டுப் பெண்ணைப் பார்த்து அந்த வார்த்தை! நான் சும்மா இருக்கப் போவதில்லை. நம் ஆபீஸ் தரணீதரனை உட்கார வைத்து, அந்த ரெஃபரிதான் சீட்டர் என்று லீக்குக்குக் காரசாரமாக ஒரு மெயில் போட்டாயிற்று. பதில் வரட்டும், பார்க்கிறேன்.

குழந்தையை வேளைக்குச் சாப்பிடச் சொல். மாமன் இருக்கிறேன் என்று சொல்.

உன் அண்ணன்,
தங்கதுரை.


அவிநாசி,
டிசம்பர் 28.

அன்புள்ள இந்துவுக்கு,

இந்தக் காகிதம் பார்சலுக்குள் மேலாக இருக்கும். கீழே இருப்பதைப் பிரிக்குமுன் இதைப் படித்துவிடு. முடித்ததும் அக்ஷராவுக்கு வாசித்துக் காட்டு. அவளுக்குத் தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது.

இத்தனை நாள் நான் போன் எடுக்காததற்குக் காரணம் உனக்குத் தெரியும். என் மெயில் லீக்கிலிருந்து கோச்சுக்குப் போய், கோச் அதை அக்ஷராவிடமே காட்டிவிட்டார் என்று வாய்ஸ் மெசேஜில் சொன்னாய். பின்னாலேயே குழந்தையின் குரல். “மாமா, நான் சீட்டர் இல்லேன்னு சொல்றதுக்கு ரெஃபரிய சீட்டர்னு சொல்லணுமா? அவங்க நல்லவங்க மாமா.” எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. யாருக்காகச் சண்டைக்குப் போனேனோ அவளே என்னைக் கேட்கிறாளே என்று இருந்தது. உன் அண்ணியிடம் இரண்டு வேளை முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது, பாவம்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஷிப்மென்ட் முடிந்து எல்லோரும் கொஞ்சம் சாவகாசமாக இருந்தார்கள். அந்த விதி தப்பு என்று எல்லோர் முன்னாலும் நிரூபித்துக் காட்டுகிறேன் என்று நான்தான் ஆரம்பித்தேன். யூனிட்டுக்குப் பின்னால் லாரி திருப்புகிற காலி இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். கட்டிங் வேஸ்டில் ரிப் துணியைப் பட்டையாக நறுக்கி ஆளுக்கு இரண்டு பக்கமும் இடுப்பில் செருகிக்கொண்டோம். பந்துக்குப் பதில் துணிச்சுருள். அக்ஷரா டீமுக்குத் தைத்த மாதிரியே நீளம் கூட்டித் தைத்த பெரிய ஆள் சட்டைகளை முனீஸ் பக்கத்துக்குக் கொடுத்தேன். என் பக்கம் சாதாரண பனியன். செக்கிங்கில் இருக்கும் சித்ராதேவி விசிலோடு நின்றாள்.

முனீஸ் சுருளை வாங்கிக்கொண்டு ஓடினான். நான் துரத்தினேன். சிரிக்காதே, இன்னும் ஓடுவேன். எட்டிக் கையைப் போட்டேன், கொடி இருக்க வேண்டிய இடத்தில் சட்டைதான் சிக்கியது. அவன் நழுவிப் போய்விட்டான். மறுபடி கையைப் போட்டேன், மறுபடியும் சட்டை. அவன் ஓடிக்கொண்டே ஒரு கையால் சட்டையை இழுத்துச் செருகப் பார்த்தான், அந்தக் கை என் கைக்கும் கொடிக்கும் நடுவில் வந்து நின்றது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நின்ற இடத்திலிருந்து கத்தினேன். “டேய், அழுகுணி ஆட்டம் ஆடாதடா! கொடிய மறைக்காத!”

சித்ராதேவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அவளைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். முனீஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு முகம் வாடிவிட்டது. “நான் எங்க மொதலாளி மறைச்சேன்? சட்டைல்லா வந்து விழுது, அதத்தான உள்ள சொருகுனேன்” என்றான். நம் அக்ஷரா சொன்ன அதே பதில், இந்து. சொல்லுக்குச் சொல் அதே பதில்.

டீ கொண்டு வந்த உன் அண்ணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். “ஏனுங்க, நம்ம புள்ளைக்கு ஒரு நாயம், அந்தத் தம்பிக்கு ஒரு நாயமுங்களா?” என்று கேட்டுவிட்டு டம்ளரை நீட்டினாள்.

முனீஸ் என்னோடு எத்தனை வருஷமாக இருக்கிறான். சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறவன் நான். அவன் ஏமாற்றுகிறவன் இல்லை. ஆனால் துரத்தின எனக்குக் கொடி கிடைக்கவில்லை என்பதும் உண்மைதானே? அப்போதுதான் வீடியோவில் அந்த எதிர் டீம் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். சிவப்பு முடி, ஒல்லிக் குழந்தை. கையில் சட்டையைப் பிடித்துவிட்டு வெறுங்கையோடு நிற்பாள். அத்தனை தரம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேனே, அவளை ஒரு தரமும் பார்க்கவில்லை. ரெஃபரி அம்மா பார்த்திருக்கிறாள்.

அக்ஷராவுக்கு இதை மட்டும் அழுத்திச் சொல். இங்கே செக்கிங் டேபிளில் ஒரு பீஸில் தையல் விட்டிருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி ஆல்டரேஷனுக்குத் திருப்பி அனுப்புவோம். தைத்தவளை யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. அவள் அதே மிஷினில் உட்கார்ந்து அதைப் பிரித்துத் தைத்துவிட்டு அடுத்த பீஸை எடுப்பாள். அந்த மஞ்சள் துணியும் அந்த ஓட்டத்தின் மேல் விழுந்ததுதான் கண்ணு, உன் மேல் விழவில்லை. “சீட்டர்” என்று கத்தியது விதி இல்லை, வாய்க்கொழுப்புப் பிடித்த யாரோ ஒருத்தர். நானும் இங்கே முனீஸைப் பார்த்து அதைத்தான் கத்தினேன். அன்றைக்கே எல்லோர் முன்னாலும் அவனிடம் தப்பு என்று சொல்லிவிட்டேன்.

அதற்காக நான் முழுசாக மாறிவிட்டேன் என்று நினைக்காதே. வேண்டுமென்று மறைத்தவளுக்கும் தெரியாமல் கை பட்டவளுக்கும் ஒரே தண்டனை என்பது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. பத்து கஜத்தை ஐந்தாகக் குறைத்தால் குடி முழுகிப் போய்விடுமா? அதை லீக்குக்கு மரியாதையாகக் கேட்டு எழுதியிருக்கிறேன். பழைய மெயிலுக்கு மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். இந்த முறை தரணீதரன் எழுதியதை உன் அண்ணி படித்துப் பார்த்த பிறகுதான் அனுப்பினோம்.

இப்போது பார்சலைப் பிரி. டீம் முழுவதற்கும் புதுச் சட்டை, கோச் கொடுத்த அளவு அப்படியே. முனீஸ் வெட்டினான், நான் பக்கத்திலேயே போகவில்லை. போட்டுக்கொண்டு குனிந்தாலும் ஓடினாலும் வெளியே வராது, சித்ராதேவியை ஓடவிட்டுப் பார்த்துவிட்டோம். சீர்த் துணி குறைந்துவிட்டதே என்று அக்கம்பக்கம் யாரும் சொல்ல வேண்டாம், அந்த இரண்டு அங்குலத்தை என் மனசில் வைத்துக்கொண்டேன்.

அடியில் தனியாக ஒரு சின்னக் கவர் இருக்கும். அதில் மஞ்சள் துணி ஒன்று. நல்ல இன்டர்லாக் துணி, ஓரம் நானே மடித்துத் தைத்தேன். ஒரு மூலையில் வீசினால் விழுகிற அளவுக்குக் கனம் வைத்திருக்கிறேன். அது ரெஃபரி அம்மாவுக்கு. தபாலில் போடாதே, மாப்பிள்ளையிடமும் கொடுத்தனுப்பாதே. அக்ஷரா தன் கையால்தான் கொடுக்க வேண்டும், மாமன் கொடுக்கச் சொன்னார் என்று. கொடுப்பதற்காவது அவள் மைதானத்துக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? போன பிறகு அவள் கால் என்ன சொல்கிறதோ, அதன்படி செய்யட்டும். நீ ஒன்றும் சொல்லாதே, நானும் சொல்லமாட்டேன்.

மறுபடி விசாவுக்கு எழுதிப் போட்டு, மார்ச்சில் சென்னையில் இன்டர்வியூ கேட்டிருக்கிறேன். கிடைத்தால் மைதானத்து ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு வை. கத்தமாட்டேன், உன் மேல் சத்தியம். அவள் கோட்டைத் தாண்டும்போது மட்டும் ஒரு தரம்.

அக்ஷராக் கண்ணு, கொடி எல்லார் கைக்கும் எட்டுகிற இடத்திலேயே இருக்கட்டும். நீ எட்டாமல் ஓடு.

என்றும் உன் சீர் பாக்கி வைத்திருக்கும் மாமன்,
தங்கதுரை.